தரையை உடைப்பதற்கு முன்



2021ஆம் ஆண்டு, நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு நண்பகல். வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இயங்கலை வழியாகப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். திடீரென்று பின்னால் 'படீர்' என்றொரு சத்தம். "சார், உங்க வீட்டுல பட்டாசா?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். திரும்பிப் பார்த்தேன். கூடத்தின் நடுவே இரண்டு பீங்கான் ஓடுகள் ஒன்றோடொன்று முட்டிக் கூடாரம்போல் மேலெழும்பி நின்றன. அவற்றைப் பதித்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடைந்திருக்கவில்லை.

எங்கள் வீடு ஜோர்ஜ்டவுனில், டத்தோ கெராமட் சாலையை ஒட்டிய பழைய தொடர்வீடுகளுள் ஒன்று. முன்கூடத்தில் பூ வேலைப்பாடு கொண்ட சிமெண்டு ஓடுகளும், அடுக்களையில் சிவந்த சுடுமண் ஓடுகளும் பதிக்கப்பட்டிருந்தன. என் தாயார் செபராங் பிறையின் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். சாணம் மெழுகிய தரையில் தவழ்ந்தவர். "துடைத்தால் பளிச்சென்று இருக்கும் தரை வேண்டும்" என்று அவர் கேட்டார். 2019ஆம் ஆண்டின் மார்ச் விடுமுறையில் வீட்டுத் தரை முழுவதையும் உடைத்தோம். உடைந்த கல்லெல்லாம் லோரியில் ஏறிப் போயின. பூந்தொட்டிகளுக்கு அடியில் வைப்பதற்கென்று பின்கட்டில் ஒதுக்கிய 40 பூ ஓடுகள் மட்டும் தப்பின.

மேலெழும்பிய ஓடுகளை மாற்றிவிடலாம். என்னை வருத்தியது சுவர்தான். புதுத்தரை போட்ட அடுத்த மழைக்காலத்திலேயே இடுப்பளவு உயரத்திற்கு ஓதம் ஏறி, வண்ணம் கொப்புளித்து, உப்புப் பூத்து, காரை பொடிப்பொடியாக உதிரத் தொடங்கியிருந்தது. ஏறக்குறைய 80 ஆண்டுகள் அசையாமல் கிடந்த தரையை எடுத்துவிட்டு அதனினும் உறுதியானது என்று கருதிய ஒன்றைப் போட்டோம். அது ஏன் இரண்டே ஆண்டில் சுவரையும் சேர்த்துக் கெடுத்தது? இவ்வினாவுக்கு விடை தேடியபோது பினாங்கின் வரலாறு ஒன்று என் காலடியிலிருந்து புறப்பட்டு வந்தது. அதனைத் தங்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

சுட்ட மண்ணும் சுண்ணாம்பும்

பிரான்சிஸ் லைட் 1786இல் இத்தீவில் கொடியேற்றிய பிறகு எழுந்த முதல் வீடுகள் பெரும்பாலும் பலகையாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆனவை. அடுத்தடுத்து நேர்ந்த தீ விபத்துகளே நகரைச் செங்கல்லுக்கும் கூரை ஓட்டுக்கும் திருப்பின. அச்செங்கல் நகரைக் கட்டிய கைகளுள் நாம் அதிகம் பேசாத கைகள் சில உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மாகாணங்களிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். சாலை போட்டவர்களும் கால்வாய் வெட்டியவர்களும் அவர்கள்தாம். 1818இல் நிறைவுற்ற செயின்ட் ஜோர்ஜ் தேவாலயமும் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்ததே.

அவர்களுடைய தொழில்நுட்பத்திற்கு நல்ல சான்றொன்று அண்டை நகரான சிங்கப்பூரிலிருந்து கிடைக்கின்றது. நீரிணைக் குடியேற்றங்களின் கைதிகளை மேற்பார்த்த மேஜர் மெக்நாயர் 1899இல் வெளியிட்ட நூலில், அங்குள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்திற்குப் பூசப்பட்ட சென்னைச் சுண்ணாம்புக் காரையின் செய்முறையைக் குறித்துள்ளார். சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, கருப்பட்டி போன்ற கரடான சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்துக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கின்றனர். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சை அறிந்தவர்களுக்கு இச்செய்முறை புதிதன்று.

அக்கால வீடுகளின் கீழ்த்தளத்தில் பெரும்பாலும் சதுரமான செந்நிறச் சுடுமண் ஓடுகளே பதிக்கப்பட்டன. மண்ணை இறுக்கி, மணலைப் பரப்பி, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தில் ஓட்டைப் பதித்தனர். இத்தரைக்கு அடியில் நீர் புகாத தாள் எதுவும் கிடையாது. அது தேவைப்படவும் இல்லை. கடலோர நகரமாகிய ஜோர்ஜ்டவுனில் நிலத்தடி ஈரம் என்றும் உண்டு. அவ்வீரம் மணல் வழியே மேலேறி, ஓட்டின் நுண்துளைகளின் வழியாகவும் இடுக்குகளின் வழியாகவும் ஆவியாகிப் போய்விடும். சுண்ணாம்புச் சுவரும் அவ்வாறே ஈரத்தை வெளியே விடும். வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றத்தில் வீசும் காற்று எஞ்சிய ஈரத்தைக் கொண்டு போகும். அதாவது, தரையும் சுவரும் முற்றமும் சேர்ந்து மூச்சுவிட்டன. வெயில் காலத்திலும் அத்தரை குளிர்ந்திருந்ததற்கு இந்த ஆவியாதலும் ஒரு காரணமாகும்.

கப்பலில் வந்த பூக்கள்

19ஆம் நூற்றாண்டில் ஈயமும் வாணிகமும் இத்தீவில் பெருஞ்செல்வர்களை உருவாக்கின. அவர்களுக்குச் செந்நிறத் தரை போதவில்லை. இக்காலத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரம் தரை ஓட்டுத் தொழிலின் தலைநகரமாக விளங்கியது. இடைக்காலத் துறவியர் மடங்களில் ஒரு நிறக் களிமண்ணில் குழி பதித்து, அக்குழியில் வேறு நிறக் களிமண்ணை நிரப்பிச் சுடும் கலை இருந்து பின்னர் மறைந்து போயிற்று. 1830இல் சாமுவேல் ரைட் என்பவர் இதற்கான புதிய செய்முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஹெர்பர்ட் மின்டன் அவ்வுரிமையில் பங்கு வாங்கித் தொழிலை வளர்த்தார். 1840இல் ரிச்சர்ட் புரோசர் களிமண் தூளை அச்சில் இட்டு அழுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், ஒரே அளவான ஓடுகளை விரைவாக உருவாக்க இயன்றது. இந்நாள் வரை தொழிற்சாலைகள் பின்பற்றுவது பெரும்பாலும் அந்த அழுத்து முறையையே.

இவ்வகை ஓட்டில் பூ என்பது மேலே தீட்டிய படமன்று; ஓட்டின் உடலுக்குள்ளேயே பதிந்துள்ள வேறொரு மண். எனவேதான் எத்தனை கால்கள் மிதித்தாலும் அது எளிதில் அழிவதில்லை. பினாங்கில் இதனைக் காண விரும்புவோர் லெய்த் வீதியில் உள்ள சியோங் ஃபாட் சீ மாளிகைக்கும், சர்ச் வீதியில் சுங் கெங் குவீ 1890களில் எழுப்பிய இல்லத்திற்கும் செல்லலாம். பின்னது இன்று பினாங்கு பெரனாக்கான் மாளிகை என்னும் அருங்காட்சியகமாகத் திகழ்கின்றது. நீல மாளிகை என்று அழைக்கப்படும் முன்னது 1990களில் சீரமைக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதைப் பெற்றது. அங்கே பழைய தரையைப் பெயர்த்தெறிந்திருந்தால் அவ்விருதை எண்ணிப் பார்த்திருக்கவும் முடியாது.

சுடாத ஓடு

எங்கள் வீட்டில் கிடந்த பூ ஓடு இந்த வகையைச் சேர்ந்ததன்று. அஃது அடுப்பையே காணாத ஓடு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென் பிரான்சில் சிமெண்டுத் தொழில் வளர்ந்தபோது தோன்றிய கலை இது. உலோக அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டையும் மணலையும் இட்டு, இயந்திரத்தால் அழுத்தி எடுப்பார்கள். பிறகு நீரில் ஊறவைத்து இறுக விடுவார்கள். சுடுவதற்கு விறகும் நிலக்கரியும் வேண்டா. ஆகையால் விலை மலிவு. கப்பலில் வந்த பூவை வாங்க இயலாத நடுத்தரக் குடும்பங்களும் தங்கள் கூடத்தில் பூவைக் காண முடிந்தது இதனால்தான்.

இக்கலையின் தமிழ் முகம் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் இன்றும் உயிரோடு இருக்கின்றது. அங்கே அழுத்தும் இயந்திரம் இல்லை. கண்ணாடித் துண்டின்மேல் அச்சை வைத்து வண்ணக் குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். மேலே மணலும் சிமெண்டும் இட்டு மட்டம் செய்து, காயவிட்டு, நீரில் ஊறவைக்கிறார்கள். காய்ந்தபின் கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பளபளப்புக்கு மெருகுப்பூச்சு எதுவும் இல்லை. நாள்தோறும் நடக்கும் கால்களே அதனை மேலும் மெருகேற்றுகின்றன.

செட்டிநாட்டு மாளிகைகளுக்கும் பினாங்கிற்கும் உள்ள தொடர்பை நாம் அறிவோம். பினாங்கு வீதியின் கிட்டங்கிகளில் அமர்ந்து கணக்கெழுதிய நகரத்தார்கள்தாம் கெபுன் பூங்கா சாலையில் 1857இல் தண்டாயுதபாணி கோயிலைக் கட்டி முடித்தவர்கள். பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் ஈட்டிய பொருள் காரைக்குடி வட்டாரத்தில் பர்மாத் தேக்காகவும் இத்தாலியச் சலவைக் கல்லாகவும் ஆத்தங்குடித் தரையாகவும் மாறியது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஓடுகள் முதல் உலகப் போரின் காரணமாகக் குறைந்தபோது, ஜப்பானின் பூ ஓடுகள் கீழ்த்திசைச் சந்தைகளில் நிறைந்தன. புடைத்த பூக்கள் கொண்ட அவ்வோடுகளை இன்றும் பினாங்குக் கடைவீடுகளின் அஞ்சடிச் சுவர்களிலும் காணலாம்; செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களிலும் காணலாம்.

இவ்வளவும் செல்வர்களின் தரை. அவர்கள் கூடத்தில் பூ மலர்ந்த அதே காலத்தில், கடலுக்கு அப்பால் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களிலும் நம் மக்கள் மண் தரையில் படுத்துறங்கினர். சாணம் மெழுகிக் கோலமிட்டு அம்மண்ணையும் அழகு செய்தனர். பிறகு சிமெண்டுத் தரை வந்தது. சிவப்புச் சாயம் கலந்து மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கினர். தீபாவளிக்கு முன் பெண்கள் மண்டியிட்டுத் தரை தேய்த்த நாள்களைத் தாய்மார்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பீங்கான் ஓடு பதித்த வீடு என்பது அவர்களுக்கு ஆடம்பரமன்று. மண்டியிட்ட காலம் முடிந்தது என்பதன் அடையாளம். எனவே புதிய ஓட்டை இகழ்ந்து பேச எனக்கு மனம் வரவில்லை.

நீர் குடிக்காத ஓடு

எனில், எங்கள் தரையில் நேர்ந்த பிழை என்ன? விடை எளிது: அந்த ஓடு நீர் குடிக்காது.

நுண்ணிய வெண்களிமண்ணையும் பிற கனிமப் பொடிகளையும் உயர் அழுத்தத்தில் இறுக்கி, ஏறக்குறைய 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுப்பதே பீங்கான் தரை ஓடு. தன் எடையில் 0.5 விழுக்காட்டிற்கு மேல் நீரை உறிஞ்சாததையே பன்னாட்டுத் தர வரையறை இவ்வகையில் சேர்க்கின்றது. கறை படியாமைக்கும் உறுதிக்கும் இதுவே காரணம். ஆனால், இதே குணம் பதிப்பவருக்கு ஒரு சிக்கலைத் தருகின்றது. சுடுமண் ஓட்டை நீரில் நனைத்துச் சாந்தில் வைத்தால், அது சாந்தின் நீரை உள்ளிழுத்துக் கொண்டு பிடித்துக் கொள்ளும். பீங்கான் அவ்வாறு இழுப்பதில்லை. வெறும் சிமெண்டுப் பாலைத் தடவி வைத்தால் நாளடைவில் பிடி தளர்ந்துவிடும். அதற்கென்றே பிசின் கலந்த ஒட்டுச்சாந்து வேண்டும்.

எங்கள் வீட்டில் ஓட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் சாந்து உருண்டை வைத்துப் பதித்திருந்தார்கள் என்பது பெயர்த்தபோதுதான் தெரிந்தது. சுவரோரத்தில் இடைவெளியும் விடவில்லை. ஓடுகள் வெப்பத்தில் விரியும். அடியிலுள்ள சிமெண்டு காலப்போக்கில் சுருங்கும். விரிவதற்கு இடம் இல்லாதபோது, பிடி தளர்ந்த ஓடுகள் ஒன்றையொன்று தள்ளி ஒருநாள் மேலெழும்பி விடுகின்றன. பாடவேளையில் நாங்கள் கேட்ட பட்டாசு அதுதான்.

சுவரின் கதை இன்னும் வருத்தத்திற்குரியது. பழைய மணல் படுகையை அகற்றிவிட்டு, நீர்த்தடைத் தாள் விரித்து, சிமெண்டுத் தளம் போட்டு, அதன்மேல் நீர் விடாத ஓட்டைப் பதித்தோம். தரை வழியே வெளியேறிக் கொண்டிருந்த ஈரத்திற்கு அவ்வழி அடைபட்டது. அது பக்கவாட்டில் நகர்ந்து சுவரின் செங்கல்லுக்குள் ஏறியது. அவ்வாண்டே சுவருக்கும் சிமெண்டுப் பூச்சும் நெகிழி வண்ணமும் பூசி அவ்வழியையும் பாதி அடைத்திருந்தோம். ஈரம் கொண்டுவந்த உப்பு சுவருக்குள் படிகமாகிக் காரையைத் தள்ளியது. புதிய வீட்டுக்குப் பொருந்தும் முறையைப் பழைய வீட்டில் புகுத்தியதே எங்கள் பிழை.

இவ்வனுபவத்தில் நான் கற்றவற்றைப் பெற்றோர்களின் பயனுக்காகச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. வீடு பழையதா, புதியதா என்று முதலில் அறிக. சுண்ணாம்புச் சுவரும் மணல் படுகையும் கொண்ட பழைய வீடாயின், மரபுக் கட்டடம் அறிந்த ஒருவரிடம் கேளாமல் தரையை உடைக்க வேண்டா.

2. தாமான்களில் உள்ள புதிய வீடாயின் பீங்கான் ஓடு நன்றே பொருந்தும். அடித்தளம் நன்கு காய்ந்து, மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. ஒட்டுச்சாந்தைப் பல் வைத்த கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்துப் பரப்ப வேண்டும். முதலில் பதித்த ஓடுகளுள் ஒன்றை உடனே தூக்கிப் பார்த்தால், முதுகில் சாந்து எவ்வளவு படிந்துள்ளது என்பது தெரிந்துவிடும்.

4. ஓடுகளுக்கிடையே சிறு இடுக்கும், சுவரோரத்தில் சற்று அகன்ற இடைவெளியும் கட்டாயம் தேவை. சுவரோர இடைவெளியைச் சாந்தால் அடைக்காமல் அடிப்பட்டை வைத்து மறைக்கலாம்.

5. குளியலறையிலும் அடுக்களையிலும் சொரசொரப்பான ஓட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். குளியலறைத் தரை நீர்ப்போக்கியை நோக்கிச் சரிந்திருத்தல் வேண்டும்.

6. வேலை முடிந்து சாந்து இறுகியபின், நாணயத்தால் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி எழுந்தால் அடியில் சாந்து இல்லை என்று பொருள்.

வகுப்பறைக்கு வந்த ஓடு

1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதை நம் தமிழ்க்கல்வி வரலாற்றின் தொடக்கமாகக் கொள்கிறோம். மாணவர்களுக்கும் அவ்வாண்டை மனனம் செய்விக்கிறோம். ஆனால் அக்காலத்து மக்கள் எத்தகைய தரையில் அமர்ந்தனர், அதனைப் பதித்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. ஆண்டுகளும் பெயர்களும் மட்டுமே வரலாறு என்று மாணவன் எண்ணிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது.

பள்ளி மீண்டும் திறந்தபோது, தப்பிய ஓடுகளுள் 4 ஓடுகளை வகுப்பிற்குக் கொண்டு சென்றேன். ஒவ்வோர் ஓட்டிலும் பூவின் கால்பகுதிதான் உண்டு. நான்கையும் சரியாகச் சுழற்றி வைத்தால்தான் பூ முழுமையாகும். மாணவர்கள் மாற்றி மாற்றி வைத்து வெவ்வேறு கோலங்களை உருவாக்கினர். சமச்சீரும் சுழற்சியும் விளக்கம் இன்றியே புரிந்தன. பிறகு உடைந்த சுடுமண் ஓட்டுத் துண்டின்மீதும் பீங்கான் துண்டின்மீதும் ஒவ்வொரு சொட்டு நீர் விட்டோம். முன்னது கண்முன்னே குடித்துவிட்டது. பின்னதன்மேல் நீர் முத்தாக நின்றது. "சார், அப்ப தண்ணி எங்கதான் போகும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். தரையை உடைக்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களைத் தத்தம் வீட்டிலும் பாட்டி வீட்டிலும் உள்ள தரையைப் படமெடுத்து, அளந்து, அது எப்போது போடப்பட்டது என்று மூத்தோரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வந்ததும், நம்மவர் பலர் ஜோர்ஜ்டவுனின் பழைய வீடுகளை விட்டு வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது, அவ்வீடுகளில் வாழ்ந்த தமிழர் பலரின் நினைவுகள் எழுத்தில் ஏறாமலேயே கலைந்து போயிருந்தன. எல்லைக்கு வெளியே உள்ள வீடுகளுக்கு அப்பட்டியலின் காவலும் இல்லை. அவற்றின் தரைகளை நாமேனும் எழுதி வைத்தால் நன்று.

2022இல் கூடத்துச் சிமெண்டுத் தளத்தை அகற்றினோம். மணலும் சுண்ணாம்பும் இட்டுச் சுடுமண் ஓடு பதித்து, நடுவில் அந்த 40 பூ ஓடுகளையும் 2 மீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பாய்போல் அமைத்தோம். மொத்தம் 10 பூக்கள். சுவரின் சிமெண்டுப் பூச்சைச் செதுக்கிவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். ஓதம் முற்றும் நீங்கியது என்று சொல்ல இயலாது. ஆயினும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றது. அடுக்களையில் பீங்கான் ஓட்டையே முறையாக மீண்டும் பதித்தோம்.

வேலை முடிந்த அன்று மாலை என் தாயார் அப்பூக்களின்மேல் அமர்ந்து, காலை நீட்டி, கையால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நான் அடுப்பங்கரைக்கு மட்டுந்தானேப்பா கேட்டேன். கூடத்த ஏன் உடைச்சீங்க?"

அண்டை வீட்டார் மெச்ச வேண்டும் என்பதற்காக உடைத்தோம் என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.